மாரெட்பள்ளி அசரீரி

மனித குலத்தைக் காப்பாற்றியது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல; பாதுகாப்பு உணர்வு ஒன்றே. ஆதிமனிதன் குகை வாசலில் ஒரு பாறையைப் புரட்டி வைத்தானே, அன்று பிறந்தது நாகரிகம்.

ரூஃபஸ் தம் உரைகளை இப்படித்தான் தொடங்குவார். தெலுங்கு நாட்டு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரி அவர். பாறை என்று சொன்னதும் சற்று நிறுத்துவார். அந்தப் பாறையை வைப்பதற்கு ஆதிமனிதன் தம்மிடம்தான் அனுமதி வாங்கிப் போனான் என்கிற பாவனை அந்த இடைவெளியில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை அதே ரூஃபஸ், அரைக்கால் சட்டையும் தொழிற்சாலை ஹெல்மெட்டுமாக, மாரெட்பள்ளி வீட்டு முற்றத்தில் தம் பழைய காரின் முன்பக்கத்தை இரண்டு ஹாலோ பிரிக்கின் மேல் உட்கார வைத்திருந்தார்.

ஹாலோ பிரிக் என்பது நடுவில் ஓட்டை விட்ட சிமெண்டுக் கல். சுவர் கட்டலாம். துணி துவைக்கும்போது மேலே பக்கெட் வைக்கலாம். கார் வைக்கக் கூடாது. இதை ஆண்டுதோறும் பாதுகாப்பு வாரத்தில் திரையில் படம் போட்டு விளக்குபவரும் ரூஃபஸ்தான். படத்தில் அந்தக் கல்லின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும்.

எல்லாம் ஒரு சத்தத்தால் வந்த வினை. கார் வேகத்தடையில் ஏறி இறங்கும் போதெல்லாம் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம். மாரெட்பள்ளியில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது அவர்கள் தேவாலயத்து வாசலில் இருந்தது. போன ஞாயிறு, சபை தலைகுனிந்து மௌன ஜெபத்தில் இருந்த நேரம் பார்த்து ரூஃபஸின் கார் உள்ளே நுழைந்தது. கடக். கண்ணை மூடியிருந்தவர்களுக்கும் வந்தது யாரென்று தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஆலன் கேட்டான். வங்கியில் வேலை, முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் மனைவி, செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு கார் என்று வாழ்க்கையை அப்போதுதான் தொடங்கியிருந்த இளைஞன். "லோயர் ஆர்ம் போயிருக்கு அங்கிள். எனக்கும் இதே சத்தம்தான். எந்த மெக்கானிக் கிட்ட காட்டுறீங்க?"

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை அடியில் பிடித்துக்கொண்டிருக்கும் கை. அதன் முனையில் உள்ள பந்து தேய்ந்தால் இந்தச் சத்தம் வரும். இது ரூஃபஸுக்கு அந்த நிமிஷம்தான் தெரியவந்தது.

"மெக்கானிக்கா?" என்று சிரித்தார். "இதுக்குப் போயி மெக்கானிக்கா? வர்ற சனிக்கிழமை நானே வீட்ல வெச்சு மாத்தப் போறேன். முறையா செய்தா எல்லாமே பாதுகாப்புதான் தம்பி."

ஆலன் அவரைப் பார்த்த பார்வை ஒரு வாரத்துக்குத் தாங்கியது.

முறையாகத்தான் தொடங்கினார். அதை மறைக்கக் கூடாது. சமதளம் பார்த்து வண்டியை நிறுத்தினார், ஹாண்ட் பிரேக் போட்டார், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்தார், தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்தினார். 'ஆபத்து – மனிதர்கள் வேலை செய்கிறார்கள்' என்ற மும்மொழிப் பலகையை கேட்டில் மாட்டினார். மனிதர்கள் என்று பன்மையில் இருந்தாலும் மனிதர் ஒருவர்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். 'ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல' என்பது அவருடைய பொன்மொழிகளில் ஒன்று. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு ஜோடி. சிவப்புப் பெயிண்டு கூட உரியாதது. அதன் மேல் பலகை போட்டு டோரிஸ் ரோஜாத் தொட்டிகளை அடுக்கியிருந்தாள்.

"டோரிஸ், இந்தத் தொட்டியெல்லாம் எடு. ஸ்டாண்டு வேணும்."

அடுக்களை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "குழம்பு அடுப்புல கெடக்கு. செத்த பொறுங்களேன், நானே வந்து எடுத்துத் தாரேன். நீங்க கை வெச்சியன்னா மண்ணைக் கொட்டிருவிய."

மாடி பால்கனியில் காபி டம்ளரோடு நின்றிருந்த ஜெகநாதன் இதைக் கேட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மேல்வீட்டுக் குடித்தனக்காரர். வேறு வேலை இல்லாததால் அன்று காலை முழுவதையும் ரூஃபஸுக்கு ஒதுக்கியிருந்தார்.

"என்ன சார், மேலிடத்துல பர்மிஷன் கிடைக்கலியா?"

ரூஃபஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். பத்து நிமிஷம் காத்திருந்திருக்கலாம். காத்திருப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் மேலே ஒருவர் டம்ளரோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே ஒருவர் ஹெல்மெட்டோடு சும்மா நிற்பது எப்படி? மதில் கட்டி மீந்த ஹாலோ பிரிக்குகள் மூலையில் கிடந்தன. இரண்டை எடுத்து வந்து முட்டுக் கொடுத்தார்.

"நல்ல ஸ்ட்ராங் சார்," என்றார் ஜெகநாதன். அவர் பாராட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க முப்பது வருஷப் பழக்கமும் உதவவில்லை.

சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ரூஃபஸ் தோள்வரை வண்டிக்கு அடியில் நுழைந்தார். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே தள்ளி வைத்தால் அதுவும் ஒரு தாங்கல் என்பது அவருடைய உரையில் ஐந்தாவது குறிப்பு. நினைவுக்கு வரவில்லை. பந்து நட்டில் ஸ்பானரைப் போட்டார். அசையவில்லை. மறுபடி போட்டார். படுத்துக்கொண்டு பார்த்தால் இடம் எது வலம் எது என்பதே ஒரு தத்துவக் கேள்வியாகிவிடுகிறது. இதுவரை இறுக்கிக்கொண்டிருந்தோமோ என்று ஒரு சந்தேகம்.

"சார், நட்டு சுத்துதா, நீங்க சுத்துறீங்களா?"

ரூஃபஸ் வெளியே வந்தார். "ஒரு பிரேக்," என்று பொதுவாகக் காற்றுக்கு அறிவித்துவிட்டு, முற்றத்து மூலையில் இருந்த வெளிப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து, போனை எடுத்து, அவருக்கு எப்போதும் தெம்பு தருகிற ஒன்றைத் திறந்தார். இந்த ஆண்டு பாதுகாப்பு வாரத்தில் அவர் ஆற்றிய உரையின் வீடியோ அது. தொழிலாளர்களுக்காகத் தெலுங்கில் பேசியது. பெரிய கூடத்தில் மைக்கில் பேசியதால் குரலுக்கு இயல்பாகவே ஒரு முழக்கம் இருந்தது. பாத்ரூமின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தது. உரையின் உச்சத்தில் ரூஃபஸ் இரு கைகளையும் உயர்த்தி, "லேவண்டி! மேல்கொனண்டி!" என்று முழங்குவார். எழுந்திருங்கள், விழித்தெழுங்கள். அந்த இடத்தை மட்டும் பின்னால் தள்ளி இன்னொரு முறை போட்டார்.

"லேவண்டி! மேல்கொனண்டி!"

வெளியே படார் என்று ஒரு சத்தம். பிறகு கண்ணாடி டம்ளர் உடைகிற சத்தம், அது மாடியில்.

ரூஃபஸ் பதற்றத்தில் பாத்ரூம் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே ஓடிவந்தபோது ஒரு ஹாலோ பிரிக் தூளாகியிருந்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. காரின் இடது மூலை தரையில் முட்டிக்கொண்டிருந்தது. கீழே விரித்திருந்த கோணியில், சற்று முன் அவருடைய தோள் இருந்த இடத்தில், பிரேக் தட்டு அழுந்திக் கிடந்தது. கோணியின் இழைகள் அறுந்து தெரிந்தன.

டோரிஸ் கரண்டியோடு ஓடிவந்தாள். கோணியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது.

"ஏசுவே! அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டுச்சா?"

"எந்த…"

"குரலுங்க! எழுந்திரு எழுந்திருன்னு ரெண்டு தடவ! எனக்கு அடுக்களைல நின்னு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆம்பளக் குரல். வானத்துல இருந்து வந்த மாதிரி. அதக் கேட்டுத்தானே எந்திரிச்சு வந்திய?"

அவள் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தம்மை இப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று ரூஃபஸ் நினைத்தார். மண்ணைக் கொட்டுகிறவராக அல்ல. வானத்திலிருந்து பெயர் சொல்லி அழைக்கத் தக்க ஒருவராக.

"ம்," என்றார்.

ஓர் எழுத்துதான். அதில் பாதிதான் பொய் என்று பிறகு மனத்தைத் தேற்றிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். சாப்பாட்டுக்குள் டோரிஸ் தெற்கே நாசரேத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். அக்கா சென்னைக்குப் போட்டாள். மூன்று மணிக்குள் அந்த 'ம்' தமிழ்நாட்டில் பாதியைச் சுற்றி வந்துவிட்டது.

சாயந்திரம் ஜெகநாதன் மாடிப்படியில் எதிர்ப்பட்டார்.

"அசரீரி நல்லா கேட்டுச்சு சார். அந்த ஷீட்டு கூரைக்கு எக்கோ அருமை."

ரூஃபஸ் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஜெகன் சார், டோரிஸ் கிட்ட…"

"நக்கோ சார், கவலையே வேணாம். நான் ஏன் சொல்லப் போறேன்? எங்க பக்கம் ஸ்தல புராணம் பாதி இப்படி ஆரம்பிச்சதுதானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா எங்க சாமியெல்லாம் வெளிய வரும்போது கையில பாத்ரூம் செருப்போட வந்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆட்டோவில் கோயிலுக்குப் போனார்கள். வேகத்தடையில் சத்தமே இல்லை. ரூஃபஸுக்கு அந்தக் 'கடக்'கைக் கேட்கவேண்டும்போல இருந்தது.

சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர், "இந்த வாரத்தில் கர்த்தர் செய்த நன்மையை யாராவது…" என்று முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்தில் டோரிஸ் எழுந்துவிட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து முந்தானையைப் பிடித்து இழுக்க வழியில்லை. டோரிஸ் சொன்னாள். கார், கல், கோணி எல்லாம் சொன்னாள். ஸ்டாண்டின் மேல் ரோஜாத் தொட்டி வைத்த தன் குற்றத்தையும் சபைமுன் அறிக்கை செய்து அழுதாள். அது ரூஃபஸை எதையும்விட அதிகமாகக் குத்தியது. கடைசியில் அந்தக் குரலைச் சொன்னாள். 'லேவண்டி, மேல்கொனண்டி.'

சபையில் ஒரு சலசலப்பு. அது முழுக்க முழுக்க பக்தியால் வந்ததல்ல. அந்தத் தேவாலயத்தில் தமிழ் ஆராதனை முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. இவர்கள் நேரத்துக்கு முடிப்பதில்லை என்று அவர்களும், அவர்கள் சீக்கிரமே வந்து வாசலில் நின்று இருமுகிறார்கள் என்று இவர்களும் வெகுகாலமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்நிலையில் ஒரு தமிழ்ச் சபையாரின் முற்றத்துக்கு வந்து கர்த்தர் தெலுங்கில் பேசினார் என்றால்?

சபைச் செயலாளர் தாங்க முடியாமல் எழுந்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெலுங்குதானா?"

"தெலுங்குதான் ஐயா." டோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தாள். "ஆனா சுத்தத் தெலுங்கு இல்ல. கொஞ்சம் தமிழ் வாடை அடிச்சுது."

"அல்லேலூயா," என்றார் செயலாளர், மிகுந்த நிம்மதியோடு.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் பிளெசி மெதுவாக ரூஃபஸ் பக்கம் திரும்பினாள். கல்லூரி மாணவி, வீட்டில் தமிழில் திட்டு வாங்கித் தெலுங்கில் பதில் சொல்கிறவள்.

"டாடி, அதி மீ ஸ்பீச் கதா?" உங்கள் உரைதானே அது என்கிறாள்.

"சும்மா இரு."

"மேல்கொனண்டின்னு இந்த ஊர்ல வேற யாரும் பேச மாட்டாங்க டாடி. கைக்கு? எதுக்கு இந்த டிராமா?"

ரூஃபஸ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மூடிக்கொண்டார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே டீக்கு நின்றார்கள். வந்தவர்கள் எல்லாம் ரூஃபஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், நசுங்காத அந்தத் தோளை. பாஸ்டர் அடுத்த மாத ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சியை விரிவாகச் சொல்லவேண்டும் என்றார். டோரிஸ் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே, "அவரு ரொம்பப் பேச மாட்டாரு" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது, அன்பினால் சொன்னது.

அப்போது ஆலன் வந்தான். கண் பளபளத்தது.

"அங்கிள், எனக்கு இதுவரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல. லோயர் ஆர்ம் நேத்தே வாங்கிட்டேன். இன்னைக்கு மத்தியானமே நானே மாத்திடறேன்."

"ஸ்டாண்டு இருக்கா தம்பி?"

"ஸ்டாண்டு இல்ல அங்கிள். ஹாலோ பிரிக் இருக்கு. நீங்க வெச்சது அதானே?"

"அது கூடாது. அது உடைஞ்சுரும். நடுவுல ஓட்டை, பாரம் ஒரு முனைல இறங்குனா…" ரூஃபஸின் வாயில் ஸ்லைடு ஸ்லைடாக வந்தது.

ஆலன் சிரித்தான். "நீங்களே வெச்சீங்களே அங்கிள். உடைஞ்சாலும் கர்த்தர் எழுப்பி விட்டாரில்ல? உங்களுக்குச் செய்தவர் எனக்குச் செய்ய மாட்டாரா?" பைக் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "வரேன் அங்கிள், வரேன் ஆன்ட்டி," என்று திரும்பினான்.

அவன் மனைவி கேட் பக்கத்தில், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயிலில் காத்திருந்தாள். ரூஃபஸ் அவளைப் பார்த்தார். கோணியில் அறுந்து கிடந்த இழைகள் கண்ணுக்கு வந்தன. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். வேறு ஒரு காரணம் சொல்லலாம். தொழிற்சாலை விதி என்று எதையாவது இழுக்கலாம். ஆனால் ஆலன் ஹெல்மெட்டை மாட்டத் தொடங்கிவிட்டான். மாட்டிவிட்டால் காது கேட்காது.

"ஆலன்!"

கூப்பிட்டது மேடைக் குரலாக வந்துவிட்டது. வளாகம் முழுக்கத் திரும்பியது. வாசலில் இருமிக்கொண்டிருந்த தெலுங்குச் சபையாரும் இருமலை நிறுத்தினார்கள்.

"என்னைக் கர்த்தர் எழுப்பலைடா! நான் கக்கூஸ்ல இருந்தேன்!"

டீ வடிகட்டிக்கொண்டிருந்தவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ரூஃபஸ் பிரதர்," என்றார் பாஸ்டர் மெதுவாக, "அங்கே… அங்கேயும் கர்த்தர்…"

"இல்ல பாஸ்டர் ஐயா. அங்க நான் மட்டும்தான் இருந்தேன்."

டோரிஸின் கையிலிருந்த கப் சாய்ந்து டீ புடவையில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "அப்ப நான் கேட்ட குரலு?"

பேசினால் அந்தக் குரல்தான் வரும் என்று ரூஃபஸுக்குப் பட்டது. பிளெசி பெருமூச்சு விட்டுத் தன் போனை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, உயர்த்திப் பிடித்தாள். ஆதிமனிதனும் பாறையும் தாண்டி ஓட்டினாள். தேவாலயச் சுவர்களில் பட்டு அது நன்றாகவே முழங்கியது.

"லேவண்டி! மேல்கொனண்டி!"

"அதே தமிழ் வாடை," என்றார் செயலாளர், தமக்குத் தாமே சொல்வதுபோல.

தெலுங்குச் சபைப் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ரூஃபஸ் தம் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூமி பிளக்கவில்லை. அது இரண்டு ஹாலோ பிரிக்கின் மேல் நிற்கிற மாதிரி ஆடிக்கொண்டு மட்டும் இருந்தது.

"ரோஜாத் தொட்டிக்காக நான் அத்தனை பேர் முன்னால அழுதேன்," என்றாள் டோரிஸ். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

பிறகு அவள் ஆலன் பக்கம் திரும்பினாள். "தம்பி, கல்லு வெக்காத. எங்க வீட்டுக்கு வா. தொட்டியை இறக்கித் தாரேன், ரெண்டு ஸ்டாண்டையும் எடுத்துட்டுப் போ. அப்படியே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போ."

ஆலன் தலையாட்டினான். ரூஃபஸைப் பார்க்கவில்லை. அது இரக்கத்தினால் என்று தெரிந்தது; அதனாலேயே தாங்க முடியவில்லை.

திரும்பும்போதும் ஆட்டோதான். பிக்கெட் பகுதியைத் தாண்டியதும் ரூஃபஸ், "மன்னிச்சிரு டோரிஸ்," என்றார்.

"ம்," என்றாள் அவள்.

அன்று மத்தியானத்துக்குள் சபையில் போன் வைத்திருந்த எல்லாரும் அந்த வீடியோவைத் தேடி எடுத்துவிட்டார்கள். வெளியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அதற்கு விழுந்திருந்தது ஒரே ஒரு லைக். அது ரூஃபஸ் போட்டது.